எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒன்றுமில்லை

திருவனந்தபுரத்தில் பாளையம் தாண்டி ஸ்டாச்சூ பக்கம் வந்தபோதுதான் கவனித்தேன். வலது கையால் சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடியே நடந்துகொண்டிருக்கிறேன். பிக்பாக்கெட்டுக்குப் பயந்தவன் மாதிரி. பையில் இருந்தது மடித்த காகிதம் ஒன்று... அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து வெகு நேரமாகிவிட்டது. கிழக்கே கோட்டை போகிற பஸ்கள் பக்கத்தில் வந்து நிற்கும். கண்டக்டர் என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் மணியடித்துவிட்டுப் போவார். ஏறத் தோன்றவில்லை. உட்கார முடியாத நாட்கள் என்று சில உண்டு.

செக்ரட்டேரியட் வாசலில் வழக்கம்போல ஒரு போராட்டம். கோஷத்தின் தாளத்துக்கு என் கால் தானாக வேகம் பிடித்தது. எதற்காகப் போராடுகிறார்கள் என்றுகூட நின்று பார்க்கவில்லை.

காகிதத்தில் இருந்தது நல்ல செய்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம்.

நல்ல செய்தி கிடைத்தவன் ஏன் இப்படி ஓடுகிறான்? நியாயமான கேள்விதான். வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கெட்ட செய்தி வந்தால் ஊரைவிட்டுக் கிளம்புவேன். நல்ல செய்தி வந்தாலும் கிளம்புவேன். செய்தியே வராவிட்டால் அதற்கு முன்பே கிளம்பியிருப்பேன். அன்று சாயங்காலம் மங்களூர்ப் பக்கம் போகிற ரயிலைப் பிடிப்பதாக உத்தேசம். அங்கே துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை இருப்பதாக ஒரு சிநேகிதன் சொல்லியிருந்தான். ஐஸ் உடைத்ததில்லை. அதனால் போகலாம் என்று தோன்றியது.

ஆனால் ரயிலுக்கு முன்னால் கரமனைக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிற என் அக்காவிடம் இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் சுடலைமுத்து, அக்கா இசக்கியம்மாள், கடைசியாக நான். பிழைப்புக்காக அக்காவும் அண்ணனும் திருவனந்தபுரம் வந்து தங்கிவிட்டார்கள். நான் எங்கும் தங்கவில்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆரியசாலையில் மூட்டை தூக்கினான். லாரியிலிருந்து மிளகு, மல்லி, வத்தல் மூட்டைகளை இறக்கி மொத்தக் கடைகளுக்குள் கொண்டு போடுகிற வேலை. அந்தச் சந்துகளில் தலையில் மூட்டையோடு அவன் வந்தால் முதலாளிகளே ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதையால் இல்லை. அவன் நிற்க மாட்டான் என்பதால்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மூட்டையோடு சரிந்து விழுந்தான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனவனைக் கூட இருந்தவர்கள் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் தடிக்கும், உள்ளங்கை தடிக்கும். இதயமுமா? அண்ணனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

"நம்ம ஹார்ட்டு நல்ல கெட்டிடே. டாக்டரே சொல்லிட்டாரு" என்று போனில் என்னிடம் சொன்னான்.

அது கெட்டி இல்லை, கேடு. தடித்த தசை சரியாக விரியாது. ரத்தம் போகிற வழியை அடைக்கும். சில நேரம் துடிப்பே தாளம் கெட்டு ஆளை நிறுத்திவிடும். மாத்திரை கொடுத்து, எடை தூக்காதே என்று சொல்லி, ஜீன் பரிசோதனைக்கென்று கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். மூட்டை தூக்குகிறவனிடம் எடை தூக்காதே என்றால் அவன் என்ன செய்வான்? சில நாள் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு எழுந்து லாரியிடம் போய்விட்டான். மல்லி மூட்டைதானே, லேசு என்றானாம். இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்தவன் எழவில்லை.

ரத்தத்தின் முடிவு அவன் போன பிறகுதான் வந்தது. இதயத் தசையைக் கெடுக்கிற ஒரு ஜீன் மாற்றம் அவனிடம் இருந்திருக்கிறது. அது பெற்றவர்கள் வழியாக வருவது. ஆகவே கூடப் பிறந்தவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

நான் போனேன். அக்கா போகவில்லை.

"எனக்கு என்னத்துக்கு? அது ஆம்பளைங்களைத்தானே பிடிக்கி" என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஆஸ்பத்திரியில் இந்த ஜீன் சமாச்சாரங்களை விளக்குவதற்கென்றே ஒரு கவுன்சலர் இருந்தார். இளம்வயதுப் பெண், மலையாளி. என் மலையாளத்தைக் கேட்டு இரக்கப்பட்டு, பாதித் தமிழுக்கு இறங்கி வந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் குடும்பத்தை வரையத் தொடங்கினார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம்.

"அச்சன் எப்படி மரிச்சாரு?"

"வெயில்ல."

"வெயிலிலா?"

"செங்கல் சூளையில கல்லு சொமந்துகிட்டு இருந்தாரு. மத்தியானம். சுருண்டு விழுந்துட்டாரு."

சதுரத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அச்சனோட அனியன்?"

"சித்தப்பாவா? தண்ணியில. ஆத்துல நீந்திக்கிட்டு இருக்கும்போது சுழல் இழுத்துட்டு."

"சரிக்கும் நீந்தத் தெரியாதோ?"

"ஊருக்கே நீச்சல் சொல்லிக் கொடுத்தவரு."

அவருடைய பேனா நின்றது.

யோசித்துப் பாருங்கள். எங்கள் குடும்பத்தில் இதயத்தால் இறந்தவர் என்று யாரும் இல்லை. அப்பா வெயிலால் போனார். சித்தப்பா தண்ணீரால். அண்ணன் சுமையால். ஒவ்வொரு சாவுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி தனித்தனியாக ஒரு காரணம். அந்தந்தக் காரணத்தின் மேல் பழியைப் போட்டு, அழுது, பதினாறாம் நாள் காரியம் முடித்து, அடுத்தவர் போகிற வரைக்கும் நிம்மதியாக இருந்தோம். மூன்றையும் ஒரே தாளில் யாரும் வரைந்து பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? ஒரு தாளை எடுத்து வரைந்து பார்த்திருக்கிறீர்களா?

"ஸ்திரீகள்?" என்று கேட்டார் கவுன்சலர். "யாருக்காவது தலைகறக்கம், மயக்கம், நெஞ்சிடிப்பு?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"உறப்பா? நிச்சயமா?"

"இருந்தா எனக்குத் தெரியாதா?"

வட்டங்களெல்லாம் வெள்ளையாகவே நின்றன.

இதயத் தசை எப்படிக் கட்டப்பட வேண்டும் என்கிற குறிப்பு பிறக்கும்போதே உடம்புக்குள் இருக்கிறதாம். அந்தக் குறிப்பில் ஓரிடத்தில் மாற்றம். நான் சித்தாளாக இருந்தவன், எனக்குப் புரிகிற மாதிரி யோசித்துக்கொண்டேன். கொத்தனார் அடியில் ஒரு கல்லைச் சாய்த்து வைத்துவிட்டால் வீடு அன்றைக்கே விழாது. ஆட்கள் குடியேறுவார்கள், பால் காய்ச்சுவார்கள், வருஷக்கணக்கில் இருப்பார்கள். என்றைக்கோ ஒருநாள் தெரியும். இந்த மாற்றம் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் போகாததும் காசு சுண்டிப் போடுவது போல என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒருமுறை சுண்டுவார்கள். ஆண் பெண் பார்க்காது என்றும் சொன்னார். அதைக் காதில் வாங்கினேன். மண்டையில் வாங்கவில்லை.

அன்றே என் ரத்தத்தை எடுத்தார்கள். அதன் முடிவைத்தான் இப்போது பையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன்.

"அந்த மாற்றம் சேட்டனுக்கு இல்ல. இனி பயப்பட வேண்டா" என்று கவுன்சலர் காகிதத்தை நீட்டினார்.

"நான் மூட்டை தூக்கலாமா?"

"தூக்கலாம். பின்னே, அக்கா வந்தில்லையே?"

"வருவா, வருவா" என்றேன். கால் அதற்குள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் காகிதத்தின் பின்புறம் போன் நம்பரை எழுதி, "நிர்பந்தமா வரச் சொல்லணும்" என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

ஓவர்பிரிட்ஜ் இறக்கத்தில் நடந்து, பழவங்காடிக் கூட்டத்தில் இடிபட்டு, கோட்டை வாசலில் நின்றேன். சாலைக் கடைத்தெரு வழியாகப் போனால் கரமனைக்குக் குறுக்கு வழி. ஆனால் ஆரியசாலை வரும், அண்ணன் சாய்ந்த அந்தக் கடை வாசல் வரும். சுற்றிப் போனேன். நடக்கிறவனுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. சில இடங்கள்தான் பொருட்டு.

கரமனையில் அக்ரஹாரத் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு அக்காவுடையது. அத்தான் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வழியில்தான் இருப்பார். ஒரே மகள் செல்வியைப் போன வருஷம் மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா அந்தத் தெருவில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற சாமி ஒருவரிடம் வேலை செய்கிறாள். அடுப்புப் பக்கம் வேறு ஆட்கள். காய் நறுக்குவதும், பாத்திரம் தூக்குவதும், கழுவுவதும் அக்காவின் பிரிவு.

நான் போனபோது வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள்.

"என்னலே, நடந்தே வந்தியா? வேர்த்து ஊத்துது."

"ரிசல்ட்டு வந்துட்டு."

அவள் எழுந்து நின்றாள். கை சுவரைத் தேடியது.

"எனக்கு இல்ல" என்றேன்.

"என்னது இல்ல?"

"அண்ணனுக்கு இருந்தது எனக்கு இல்ல. ரத்தத்துல பாத்துட்டாவ. சுத்தமா இல்லியாம்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு பழவங்காடிப் பிள்ளையார் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பாத்தியாலே? நோன்பு பலிச்சிட்டு."

"எந்த நோன்பு?"

"செவ்வாய் நோன்பு. ஒனக்கு என்ன தெரியும்."

உண்மைதான். எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்து ஆண்கள் யாருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை பெண்கள் நாள் முழுக்கப் பட்டினி இருந்து, யாராவது ஒருத்தி வீட்டில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆண்கள் யாரும் இருக்கக்கூடாது, கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் வெளியேதான். உள்ளே ஏதோ கொழுக்கட்டை செய்வார்களாம். அதை ஆண் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாதாம். உள்ளே நடந்ததை ஆணிடம் சொன்னால் நோன்பின் பலன் போய்விடும். சின்ன வயதில் அன்றைக்கு அண்ணனையும் என்னையும் பக்கத்து வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள். இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். "ஒனக்குத் தெரிஞ்சதை எழுது. ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, மிச்சமிருக்கிற அண்ணனும் தம்பியுமாவது நிலைக்க வேண்டும் என்று அக்கா அந்த நோன்பைப் பிடித்துக்கொண்டாள். கரமனைக்கு வந்த பிறகும் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்களைத் தேடிப் பிடித்து விடாமல் இருந்துவருகிறாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அப்ப அண்ணன்?" என்று கேட்டேன்.

அவள் முகம் இறுகியது. "போன ஆடியில ஒருத்தி அவ புருசன்ட்ட வாயை விட்டுட்டா. அதான் அவன் போயிட்டான்."

"அக்கா, இது பொறக்கும்போதே தீர்மானமான சங்கதி. நீ நோன்பு இருக்கறதுக்கு முந்தியே எனக்கு இல்ல, அவனுக்கு இருந்துது."

"பொறக்கும்போதே யாரு தீர்மானிச்சா?"

ஏழாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது? டாக்டர்களே தடுமாறுவார்கள்.

அவள் விடவில்லை. "நான் என்ன சும்மாவா ரெண்டு தடவை விழுந்து எழும்பினேன்? பிள்ளையாரு ஏத்துக்கிட்டாருன்னு அப்பவே எல்லாரும்..."

சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"விழுந்தியா?"

"ஒண்ணும் இல்ல. சாயா குடிக்கியா?"

"எப்ப விழுந்த?"

"லே, அது பொம்பளைங்க சங்கதி."

"மயக்கமா? நெனவு போச்சா?"

"சாயா வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

அடுப்பைப் பற்ற வைத்து என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அந்த வெள்ளை வட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. எங்கள் வீட்டு ஆண்கள் விழுந்தால் சூளையில் விழுந்தார்கள், ஆற்றில் விழுந்தார்கள், கடைத்தெருவில் விழுந்தார்கள். ஊரே பார்த்தது. பெண் விழுந்தால்? கதவு சாத்தியிருக்கிறது. முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி நமக்குச் சோறு போட்டிருப்பார்கள். நான் ஆஸ்பத்திரியில் போய், இருந்தால் எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். எவள் எனக்குச் சொல்லியிருப்பாள்?

"அக்கா, அதை ஆஸ்பத்திரியில சொல்லியே ஆகணும். என்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கிடுதேன்."

"சொன்னா ஒனக்கு ஆபத்து. இப்பதான் கெடச்ச உசிரு."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒனக்குத்தான்..."

"எனக்குன்னா எனக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள், சாயாவை ஆற்றிக்கொண்டே. சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில்.

இந்த மனுஷியை என்ன செய்வது? அவள் பயந்து பேச மறுக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளாம். நான் பிழைத்துவிட்டேன் என்று காட்டத்தான் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனேன். அதுவே அவள் வாயைத் தைத்துவிட்டது.

சாயாவைக் குடிக்காமல் வெளியே வந்தேன். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு மாமி, "ஆரைத் தேடறேள்?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றேன். ரயில் ஞாபகம் வந்தது. இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம். கையில் நல்ல செய்தி, காலில் பலம், மங்களூரில் ஐஸ். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில்தான் நான் கிளம்புவேன்.

பையிலிருந்த காகிதத்தை எடுத்தேன். பின்பக்கம் கவுன்சலரின் நம்பர். ஆணிடம் சொல்லக்கூடாது. சரி. அந்தப் பெண் ஆண் இல்லையே.

திரும்பி ஓடினேன்.

"அக்கா, எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு பொம்பளைட்ட சொல்லுவியா?"

"யாருட்ட?"

"ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கிற பொண்ணு."

"அவ மலையாளத்துக்காரில்லா?"

"பொம்பளைதானே?"

அக்காவுக்கு இதில் சட்டம் தெளிவாக இல்லை. பக்கத்து வீட்டுப் பகவதியைக் கூப்பிட்டாள். அக்காவைவிட மூத்தவள், எங்கள் பக்கத்துக் குடும்பம் என்றாலும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், நோன்புக் கூட்டத்தில் அவள் சொல்தான் கடைசி என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தை அக்கா அவள் காதில் சொன்னாள், நான் கேட்கக்கூடாதே.

"கல்யாணம் கழிஞ்ச பெண்ணா?" என்று பகவதி என்னைக் கேட்டாள்.

"தெரியாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். உச்சநீதிமன்றத்தில்கூட அவ்வளவு அமைதி இருக்காது.

"கழியலைன்னாலும் குழப்பமில்ல. பெண்ணல்லே? பெண்ணுட்ட சொல்லாம். ஜாதி, பாஷை ஒண்ணும் நோன்புல சொல்லியிட்டில்ல. ஆனா இவன் இங்க நிக்கப்பிடாது."

"நான் வெளிய நிக்கேன்."

"வெளியன்னா வாசல்ல இல்ல. பாலத்துக்குப் போ."

நம்பரைப் போட்டேன். அந்தப் பெண் எடுத்தார். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, "அக்கா சொல்லுறதை என்கிட்டே திருப்பிச் சொல்லிராதீங்கம்மா. சொன்னா நான் செத்துருவேன்னு நெனைக்கா" என்றேன்.

"ஐயோ, நான் சொல்ல மாட்டேன் சேட்டா. ஒராளு சொல்லினதை வேறொராளிட்ட சொல்லப் பாடில்ல. அது எங்களுக்கும் நியமம்."

பாருங்கள், ஆஸ்பத்திரியிலும் ஒரு நோன்பு இருக்கிறது. போனை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பாலத்துக்குப் போனேன்.

கரமனை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது பலருக்குப் பிடிக்கும். எனக்கு நிற்க வரவில்லை. பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். பஸ் போகும்போது பாலம் லேசாக அதிரும். என் ரயில் அந்நேரம் கிளம்பியிருக்கும். இதற்கு இவ்வளவு நேரமா? இரண்டு தடவை விழுந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதாதா? அப்படியானால் இரண்டு தடவை மட்டும் இல்லையோ? எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஆண் பிறவி எடுத்ததற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

விளக்கு போட்ட பிறகு பகவதி பாலத்து முனையில் வந்து நின்று கையைக் காட்டினாள். வரலாம்.

அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. அழுதிருக்கவில்லை. புதிதாக ஒரு ஊருக்கு வந்து இறங்கியவள் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைக்கும் வருமாம்லே" என்றாள்.

"ம்."

"ஒன் ரத்தத்துல இல்லன்னா என் ரத்தத்துல இல்லன்னு அர்த்தம் இல்லியாம். எனக்கு வேற காசு சுண்டியிருப்பாவளாம்." போனை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, "எனக்கு இருந்தா செல்விக்கும் இருக்கலாமாம்" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குச் சொன்னாள். மற்றது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மகள் பெயரைச் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அவள் போவாள். தனக்கென்றால் இருந்துட்டுப் போகட்டும். பிள்ளைக்கென்றால் எப்படி விடுவாள்?

"நாளைக்கே வரணுமாம். காலையிலயே. அதுவரைக்கும் கனம் ஒண்ணும் தூக்கப்பிடாதாம்."

"போவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ வரப்பிடாது. டாக்டரு ஒவ்வொண்ணாக் கேப்பாரு. ஒன்ன வச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்ல? பகவதி வாறா."

"டாக்டரு ஆம்பளையா இருந்தா?"

"அந்தப் பொண்ணு எல்லாம் லேடி டாக்டரா ஏற்பாடு பண்ணுதேன்னு சொல்லிருக்கு." அதையும் பேசி முடித்திருக்கிறார்கள். பிறகு கையைப் பிசைந்தாள். "ஆனா நாளைக்கு ஒரு பூணூல் கல்யாணம். சாமிக்கு ஆளே இல்ல. நான் போகலைன்னா வேற ஒருத்தியைப் போட்டுருவாரு. போட்டா அவதான் அப்புறம். நீ போ."

"எங்க?"

"என் எடத்துக்கு. ஒனக்குத்தான் ஹார்ட்டு நல்லா இருக்குல்லா."

பகவதி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நான் ஹோட்டலில் இலை எடுத்திருக்கிறேன், சூளையில் வெந்திருக்கிறேன், லாரியில் கிளீனராக இமயமலை அடிவாரம்வரை போயிருக்கிறேன். ஆனால் ஒரு வேலைக்கு இப்படி யாரும் என்னைத் தேர்ந்தெடுத்ததில்லை... மெடிக்கல் சர்ட்டிபிகேட்டோடு.

விடிவதற்கு முன் அக்ரஹாரத்து மண்டபத்துக் கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். சாமி வெற்றுடம்பில் துண்டோடு அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தார்.

"ஆருடா நீ? இசக்கி எங்கே?"

"தம்பி, சாமி. அக்கா இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறா."

"என்னாச்சு அவளுக்கு? நேத்திக்கு நன்னாத்தானே இருந்தா."

"நல்லாத்தான் இருந்தா, சாமி. அதான் பாக்கப் போறா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேனை நறுக்கத் தெரியுமோ?"

"கத்துக்கிடுவேன்."

"நன்னாருக்கு. அவியலுக்கு ஆள் கேட்டா அப்ரண்டீஸ் வந்திருக்கான். போ, போய் உக்காரு."

உட்கார்ந்தேன். சேனை கையை அரித்தது. பக்கத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தங்கம் என்கிற பெண் என் துண்டுகளைப் பார்த்து, "இது அவியலா, வீடு கட்டுற ஜல்லியா?" என்றாள். அவள் அக்காவோடு வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவளாம். வெளிச்சம் வந்ததும் சாம்பார் வார்ப்பை அடுப்பிலிருந்து இறக்கக் கூப்பிட்டார்கள். ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய பாத்திரம். இரண்டு பக்கமும் பிடிக்கக் காது.

"அந்தப் பக்கம் ஒங்க அக்காளுக்குள்ளது" என்றாள் தங்கம். "சாக்கைச் சுத்திப் பிடி, சுடும்."

பிடித்தேன். தூக்கினோம். நான் மூட்டை தூக்கியவன்தான். ஆனாலும் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நரம்பு இழுத்தது. சாம்பார் தளும்பி மறுபடி அடங்குகிறவரை மூச்சை அடக்க வேண்டியிருந்தது. கீழே வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது, ஒரு குறையும் இல்லாத என் நெஞ்சு.

"இதை அக்காவா தூக்கினா?"

"பின்ன? சாம்பாரு, ரசம், பாயசம், சோறு வடிக்கிறது. எல்லாம் நாங்க ரெண்டு பேருதான். எறக்கி வச்சிட்டு அந்தத் தூணுல சாஞ்சு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிடுவா. கேட்டா, ஒண்ணும் இல்லட்டி, களைப்புன்னு சொல்லுவா."

நான் அந்தத் தூணைப் பார்க்கவில்லை. ரசத்துக்கான பாத்திரத்தைப் பிடித்தேன்.

பந்தி தொடங்குவதற்குள் பகவதியின் போன் வந்தது. "இசக்கியை அங்க இருத்தியாச்சு. எக்கோ எடுத்ததும் இன்னைக்கு வீட்டுக்குப் போகண்டான்னு டாக்டரு சொல்லிட்டாவ. நல்ல சமயத்துல வந்தீங்கன்னும் சொன்னாவ. இது ஒன்ட்ட சொல்லலாம்னு அவளே சொன்னா. செல்விக்கும் போன் பண்ணியாச்சு."

போனை வைத்துவிட்டு வந்தேன். பாயச வார்ப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தங்கம் தன் பக்கத்துக் காதருகே சாக்கோடு காத்து நின்றாள்.

"நாளைக்கும் வருவியோ?" என்று சாமி தூரத்திலிருந்து கேட்டார்.

"வருவேன், சாமி" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் எந்த முதலாளியிடமும் சொல்லியிராத வார்த்தை.